உஷார்! அரையாண்டு மார்க்கைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்

அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்தி முடிந்ததும் பள்ளிக்கூடங்களில் ஒரு பட்டியல் தயாராகும். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் யார் தேறுவார்கள், யார் தேறமாட்டார்கள் என்று பாடவாரியாகப் பிரித்த எக்செல் ஷீட். 35-க்குக் கீழே எடுத்த பெயர்களுக்குச் சிவப்பு நிறம். பட்டியல் போடுவதில் தப்பே இல்லை. போடாத பள்ளியைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் அந்தச் சிவப்புப் பெயர்களை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதில் பெற்றோர் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்.

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி டவுன்ஷிப் என்று இந்தப் பக்கத்தில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டுக்கும் சொல்கிறேன். எல்லாப் பள்ளியும் இப்படி இல்லை. சாயங்காலம் ஆறு மணி வரை உட்காரவைத்து, சொந்தக் காசில் சுண்டல் வாங்கிக் கொடுத்துச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர். ஆனால் தை பிறந்ததும் சில வீடுகளுக்கு போன் வரும். "உங்க பையன் தேறமாட்டான். ரிசல்ட் வந்து மனசு ஒடிஞ்சு போறதுக்கு, இப்பவே டிசி வாங்கிக்கிட்டு அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதட்டும்." கனிவாகத்தான் சொல்வார்கள். ஆபீஸ் ரூமில் ஒரு வெள்ளைத்தாள் காத்திருக்கும். "குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில்..." என்று அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுத வேண்டும். கரும்பு வெட்டுக்கும் முந்திரி உடைக்கவும் போகிறவர்கள், சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். பிள்ளையை அனுப்பியது பள்ளி. காகிதத்தில் அனுப்பியது நீங்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? தேர்ச்சி விழுக்காட்டைத் தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எழுதாத பிள்ளை அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. 60 பேரில் 52 பேர் தேறினால் 87 சதவீதம்கூட வராது. அந்த எட்டுப் பேரை எழுதவிடாமல் செய்துவிட்டால் 100 சதவீதம்! ஒரு பிள்ளைக்கும் ஒரு வரிகூட கூடுதலாகச் சொல்லித்தராமலே ஃபிளெக்ஸ் கட்டிவிடலாம். அப்படி ஒரு ஃபிளெக்ஸைப் பார்த்து உங்கள் பிள்ளையைச் சேர்க்கப் போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த பேட்ச் ஒன்பதாவதில் எத்தனை பேர், பத்தாவது எழுதினது எத்தனை பேர்?

ஒன்பதாவதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. எட்டாவது வரை நம் மாநிலத்தில் யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது. அந்தப் பாதுகாப்பு ஒன்பதாவதில் இல்லை. அதனால் வடிகட்டும் வேலை அங்கேயே நடந்துவிடுகிறது, வெளியே யாருக்கும் தெரியாமல்.

2023 மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், தமிழ்த் தாளுக்கு மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. கொரோனா காலத்தில் பத்தாவது தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்ற பேட்ச் அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வித் துறையின் கணினிப் பதிவில் எமிஸ் எண் இருக்கிறது, வருகைப் பதிவு அன்றாடம் ஏறுகிறது. அத்தனை தகவலும் கையில் இருந்தும், இத்தனை பிள்ளைகள் விலகிப்போனது பரீட்சை ஹாலில் பெஞ்சு காலியாகக் கிடந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. என்னால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மார்க் குறைந்த பிள்ளையைத் தேர்வு எழுதவிடாமல் வடிகட்டுவது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரில் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே நிறுத்தியும், பத்தாவதைத் தாண்டவைத்தும், பத்தாம் வகுப்புத் தேர்வின் பக்கமே வராமல் பார்த்துக்கொண்டார்கள். அங்கே பள்ளிகளுக்குத் தலைமைப் பொறுப்பில் இருந்த லோரென்சோ கார்சியாவுக்கு 2012-இல் சிறைத்தண்டனையே கிடைத்தது.

மதிப்பெண்ணை ஒழுங்காகப் பயன்படுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பத்தாவது கணக்குத் தாளையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் 28. பட்டியலில் இரண்டும் ஒரே சிவப்பு. தாளைப் பிரித்துப் பாருங்கள். ஒருவன் கடைசிப் பகுதியில் வரும் வடிவியல், வரைபடம் இரண்டையும் தொடவே இல்லை. தலா 8 வீதம் 16 மார்க் அப்படியே போயிருக்கிறது. கேட்டால், ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இல்லை என்பான். இன்னொருத்தி படமெல்லாம் சுத்தமாகப் போட்டிருக்கிறாள். ஆனால் வாக்கியக் கணக்கு வந்த இடமெல்லாம் வெள்ளை. அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை, கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்ள வரவில்லை. அவளுக்குத் தேவை தமிழ் வாசிப்பு. இருவரையும் "மெல்லக் கற்போர்" என்று ஒரே ரூமில் அடைத்து ஒரே கையேட்டைக் கொடுத்தால் யாருக்கு என்ன பயன்? மொத்த மார்க் இதைச் சொல்லாது. கேள்விவாரியாக எழுதிவைத்த ஒரு நோட்டு சொல்லும்.

இன்னொரு அபாயம் இப்போது புதிதாக வந்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூவையே உருப்போட வைக்கிறார்கள் என்பதால்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அது கிடையாது. பிள்ளைகளின் பாரம் குறைவது நல்லதுதான். ஆனால் பிளஸ் ஒன் மார்க் இனிமேல் பள்ளி போடுவதுதான்; சரிபார்க்க வெளியாள் இல்லை. உங்கள் பிள்ளையின் பையில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் இருக்கிறதா, எந்தப் பாடம் வரை நடந்திருக்கிறது என்று மாதம் ஒருமுறை நீங்களே புரட்டிப் பாருங்கள்.

பள்ளியிலிருந்து கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். படித்தவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். டிசி பேச்சை எடுத்தால், எந்தப் பாடத்தில் எந்தக் கேள்விகளில் பிள்ளை விட்டிருக்கிறான் என்று விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கடிதத்திலும் அங்கேயே கையெழுத்து வேண்டாம், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போன பிறகு டிசியோடு வெளியே வந்தால், அந்த வருடமே வேறு பள்ளியில் சேர்ந்து எழுதுவது பெரும்பாலும் நடக்காத காரியம். எழுதித் தோற்றால்கூட, தோற்ற பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுதி அதே வருடம் பிளஸ் ஒன்னோ பாலிடெக்னிக்கோ சேர வழி இருக்கிறது. எழுதவே விடாத பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை. நெருக்கினால் 14417-க்கு போன் போடுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் அது. கடலூரில் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள்.