மாலையில் தளரும் இமை

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்றாம் மாடியில் தங்கியிருக்கும் இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. மாலையில் ஒரு கண்ணிமை தானாகத் தொங்குகிறது. எதிரே வரும் பேருந்து இரண்டாகத் தெரிகிறது. இரவு பரோட்டாவை மெல்லும்போது பாதியிலேயே தாடை ஓய்ந்துவிடுகிறது. தூங்கி எழுந்தால் எல்லாம் சரி. வேலை அலுப்பு என்பார்கள் அறைத்தோழர்கள். அலுப்பு ஆளையே சாய்க்கும். ஒற்றை இமையை மட்டும் சாய்க்காது. இது மையஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோயாக இருக்கலாம்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்பொருள்களே உடலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களில் இதுவும் ஒன்று. மூளையில் பழுதில்லை, நரம்பு தசையைத் தொடும் இடத்தில்தான் கோளாறு. நரம்பின் நுனி சுரக்கும் அசிட்டைல்கோலினைத் தசையிலுள்ள ஏற்பிகள் பற்றிக்கொண்டால்தான் தசை சுருங்கும். எதிர்பொருள்கள் அந்த ஏற்பிகளை அடைக்கின்றன, அழிக்கின்றன. தசையை ஓயாமல் இயக்கினால் எல்லோருக்குமே சுரப்பு குறையும். ஏற்பிகள் ஏராளமாக இருப்பவருக்கு அது தெரியாது. குறைந்துபோனவருக்குச் சாயங்காலம் தெரிந்துவிடும்.

கட்டுவிரியன் கடித்தவருக்கும் இமை தொங்கும் என்பது நம் கிராமங்களில் பலரும் அறிந்தது. அந்த நஞ்சும் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது. தைவானில் வாழும் கட்டுவிரியன் இனம் ஒன்றின் நஞ்சு, ஏற்பியை இறுகப் பற்றும். 1973-இல் பால்டிமோரில் ஃபாம்பரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி மூவரும் அதில் கதிரியக்கக் குறி ஏற்றி, நோயாளிகளின் தசையிலுள்ள ஏற்பிகளை அளந்தார்கள். இயல்பான அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆளைக் கொல்லும் நஞ்சே நோயின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மருந்து அதற்கு முன்பே வந்துவிட்டது. 1934-இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் பைசோஸ்டிக்மின் ஊசி போட்டு, தொங்கிய இமை உயர்வதைக் கண்டார். இன்று அதே வேலையைச் செய்யும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை இருக்கிறது. எதிர்பொருளை அடக்க ஸ்டீராய்டு தருவார்கள். சிலருக்குத் தைமஸ் சுரப்பியை அகற்றுவார்கள். அமிதாப் பச்சனுக்கு இந்நோய் இருப்பது 1984-இல் தெரிந்தது. அதன் பிறகும் பல பத்தாண்டுகளாக நடித்துவருகிறார்.

இந்நோய் உள்ளவர்கள் மருந்துக்கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கக் கூடாது. சிப்ரோஃப்ளாக்ஸசின், ஜென்டாமைசின் போன்றவை தளர்ச்சியைக் கூட்டிவிடும். நோயின் பெயரைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். மாலைதோறும் இமை தொங்குகிறதா? நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு ஓமந்தூரார் அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.