எதிர்காற்றில் கடைசி 15 கிலோமீட்டர்

பினாங்குத் தீவை மிதிவண்டியில் ஒரு முறை சுற்றிவர வேண்டும் என்பது எனக்கும் என் நண்பனுக்கும் நெடுநாள் ஆசை. ஜார்ஜ்டவுனில் தொடங்கி, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங், பாலிக் புலாவ், பாயான் லெப்பாஸ் வழியாகத் திரும்பினால் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கடந்த ஜனவரியில் ஒரு ஞாயிறு அதிகாலை புறப்பட்டோம்.

தெலுக் பஹாங் தாண்டியதும் மலைப்பாதை. நண்பன் நிதானமாக ஏறினான். நான் அவனை முந்திக்கொண்டு போய், தித்தி கெராவாங்கில் அவனுக்காகக் காத்திருந்தேன். பாலிக் புலாவ் சமவெளியிலும் வண்டி பறந்தது. காற்று முதுகுப்பக்கம் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. எல்லாம் என் கால்பலம் என்றே நினைத்தேன்.

நண்பகலில் பாயான் லெப்பாஸ் தாண்டி வடக்கே திரும்பியபோது உண்மை தெரிந்தது. நவம்பர் முதல் மார்ச் வரை இங்கே வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். நாங்கள் போக வேண்டிய திசையிலிருந்தே காற்று வந்தது. வலப்பக்கம் ஜெரெஜாக் தீவு, எதிரே பினாங்குப் பாலம். எவ்வளவு மிதித்தாலும் பாலம் அருகில் வரவில்லை. சமதரையிலேயே வேகம் 12 கிலோமீட்டருக்கு இறங்கியது. மலையில் வலிக்காத தொடை இப்போது பிடித்துக்கொண்டது.

இதற்குக் காரணம் எளிய இயற்பியல். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரை 20 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்தால், அவர் உடலுக்கு அது 40. தடை இருமடங்கு ஆகாது, நான்கு மடங்காகும்.

நெதர்லாந்தில் இதற்கென்றே ஒரு போட்டி உண்டு. புயற்காற்று வீசும் நாளாகப் பார்த்து, கடல் தடுப்பணை மீது 8.5 கிலோமீட்டர் தூரத்தைக் கியர் மாற்ற முடியாத சாதாரண மிதிவண்டியில் கடக்க வேண்டும்! அவர்கள் விரும்பிப் போகிறார்கள். நானோ வண்டியை ஓரம் கட்டி, வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கலாமா என்று யோசித்தேன்.

அப்போது நண்பன் முன்னால் வந்தான். "என் பின்னாலேயே ஒட்டி வாடா" என்றான். முன்னே போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் வருபவருக்கு உழைப்பு குறையும். பந்தய வீரர்கள் வரிசையாகப் போவது அதனால்தான். எனக்கோ வெட்கம். காலையில் நான் விட்டுவிட்டுப் போனவன் அல்லவா? நான்கைந்து மீட்டர் தள்ளியே போனேன். அந்த இடைவெளியில் காற்று மறுபடி புகுந்து என்னை அடித்தது. வெட்கத்தை விட்டு அவன் சக்கரத்துக்கு அருகில் சென்றபோதுதான் மூச்சு வந்தது. பாலத்துக்கு அடியைத் தாண்டியதும் நான் முன்னே போனேன். அப்படியே மாறி மாறி ஜார்ஜ்டவுன் வந்து சேர்ந்தோம்.

தேர்வுக் காலத்திலும் இப்படி எதிர்காற்று வீசும் நாட்கள் உண்டு. அன்று வேகத்தைப் பார்க்காதீர்கள். கியரைக் குறைத்து மிதித்துக்கொண்டே இருங்கள். யாராவது "பின்னால் வா" என்று அழைத்தால், இடைவெளி விடாமல் போங்கள். உங்கள் முறை வரும்போது முன்னால் செல்ல மறக்காதீர்கள்.