பன்றி வந்தால் எரியும் விளக்கு

தென்காசி மாவட்டத்தில் வடகரை, மேக்கரை போன்ற மலையடிவார ஊர்களில் யானையும் காட்டுப்பன்றியும் வாழை, தென்னை, நெல்லை அழிக்கின்றன. இரவெல்லாம் காவல் இருக்க இயலாதவர்கள் அசைவறிந்து எரியும் விளக்கை அமைக்கலாம்.

விலங்கின் உடல் வெப்பம் நகர்வதை இதிலுள்ள சென்சார் அறிகிறது. சாதாரணமாகச் சுமார் 10 மீட்டர் வரை எட்டும். நேரே வருவதைவிடக் குறுக்கே கடப்பதையே எளிதில் அறியும். ஆகவே பன்றித் தடத்திற்குப் பக்கவாட்டில் பொருத்த வேண்டும். குற்றாலச் சாரல் காலத்தில் காற்றில் வாழை இலை ஆடினாலும் வீணாக எரியக்கூடும். இலை மறைக்காத இடமே நல்லது.

வெறும் வெளிச்சத்துக்குப் பன்றி நாளடைவில் பழகிவிடும். எனவே வீட்டு மணியும் செல்போனும் ஒலிக்கும்படி இணைத்துக்கொள்ள வேண்டும். வைஃபை எட்டாத தோட்டத்திற்கு சிம் கார்டு போடும் கருவி தேவை. மணி அடித்ததும் இருட்டில் தனியே ஓட வேண்டாம். வந்திருப்பது யானையாகவும் இருக்கலாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லவும்.