கிணற்றடியில் தொடங்கும் கடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். தொண்டைமானாறு என்பீர்கள். அது கடல்நீரேரி. வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் நீரேரியைச் சேர்கிறது, அதுவும் மாரி மழைக்கு மட்டும். பிறகு இத்தனை பேர் குடிப்பதற்கும் குளிப்பதற்கும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதற்கும் தண்ணீர் ஏது? பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான்.

கிணற்றுக்குத் தண்ணீர் தருவது நம் காலடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல். பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் சிப்பியும் சங்கும் பவளமும் படிந்து இறுகிய கல் அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகக் கீழே இறங்குகிறது. போகும் வழியில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த கல்லைப் பார்க்க வேண்டுமா? வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான். இப்படிக் கரைந்து கரைந்து கல்லுக்குள் துளைகளும் பிளவுகளும் வந்துவிட்டன. பாண் துண்டைப் பிய்த்தால் உள்ளே தெரிவதுபோல.

இந்தக் கல்லைச் சுற்றிலும் கடல். ஆனாலும் கிணற்றில் உப்பு இல்லையே, ஏன்? உப்புநீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது. அதனால் மழைநீர் கடல்நீரின் மேலே மிதந்து நிற்கிறது. ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதிக்கு உப்புநீர் ஊற்றி, கொஞ்சம் நிறம் கலந்துவிடுங்கள். அதன் மேல் ஒரு கரண்டியைப் பிடித்து, நல்ல தண்ணீரை மெதுவாக, மிக மெதுவாக வழியவிடுங்கள். இரண்டும் தனித்தனி அடுக்காக நிற்கும். புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள நிலாவரைக் கிணற்றிலும் இதே கதைதான்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேலே உள்ள நன்னீரைக் குறைத்தால் உப்பு எவ்வளவு உயரம் மேலே வரும் என்று இப்போது நீங்களே கணக்குப் போடலாம்.

மிஞ்சும் நன்னீர் எங்கே போகிறது? கீரிமலைக் கேணிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் அலை அடிக்கிறது, பக்கத்திலேயே நன்னீர் ஊறுகிறது. உள்ளூரில் விழுந்த மழை கல்லுக்குள்ளால் நடந்து கடலுக்கு வருகிற இடம் அது. கண்ணுக்குத் தெரியாத ஆறுதான் நம்முடைய ஆறு.

அந்த ஆற்றில் அழுக்கு விழுந்தால் என்ன நடக்கும் என்பதைச் சுன்னாகம் காட்டியது. அங்கிருந்த அனல் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, சுற்றுப்புறக் கிணறுகளில் கலந்துவிட்டதாக மக்கள் முறையிட்டார்கள். தங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தொடப் பயந்து, பவுசரில் வந்த தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லி, 20 மில்லியன் ரூபா இழப்பீடு கொடுக்கும்படி மின்நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் எண்ணெய் இறங்கிய கல்லைக் கழுவித் தர எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. தடித்த மணல் படை என்றால் அழுக்கை ஓரளவுக்கு வடிகட்டும்; பிளவு விழுந்த சுண்ணாம்புக்கல் அப்படியே உள்ளே விட்டுவிடும்.

பெரிய நிறுவனம் செய்தால்தான் கேடு என்று நினைக்காதீர்கள். தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியாவும், கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலசலகூடக் குழியும் தண்ணீரில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. குடிதண்ணீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு இது மிகவும் ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும்.

கடற்கரையில் ஒருநாள் குப்பை பொறுக்கிப் படம் எடுப்பது இப்போது பல பாடசாலைகளில் நடக்கிறது. நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால், கடலைக் காக்கும் வேலையில் பாதி வீட்டு வளவுக்குள்ளேயே இருக்கிறது. ஆட்கள் இல்லாத வளவில் பாழ்பட்ட கிணறு இருந்தால் உடனே அதைக் குப்பைத் தொட்டி ஆக்கிவிடுகிறோம். அதற்குள் போடும் பழைய பற்றறியும் பூச்சிமருந்துப் போத்தலும் நேரே அயல்வீட்டுக் கிணற்றுக்கு வழி தேடும். வழுக்கையாற்று வாய்க்காலில் எறியும் சொப்பிங் பை முதல் பெருமழையோடு நீரேரிக்குப் போகும். அங்கேதான் நாம் ஆசையோடு சாப்பிடும் இறாலும் நண்டும் வளர்கின்றன.

இன்னொன்று. தோட்டத்துக்கு இறைக்கும் மெசினுக்குப் பழைய ஒயில் மாற்றுவது அநேகமாகக் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்திலேதான். வடியும் ஒயிலும் சிந்தும் மண்ணெண்ணெயும் எங்கே போகும் என்று இனி உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மெசினுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைக்கச் சொல்லி இன்றைக்கே அப்பாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள். ஏன் என்று கேட்டால் ஒரு பாண் துண்டைப் பிய்த்துக் காட்டி விளக்குங்கள்.