மூங்கில் டவல் பெயரில் மோசடி! அடுப்படிக்கு வாங்கும் முன் லேபிளைப் பாருங்க!

கரிவலம்வந்தநல்லூர்,-

பால்வண்ணநாதர் கோவில் கொண்ட ஊர் கரிவலம்வந்தநல்லூர். அந்த ஊர் அடுப்படியில் பால் பொங்கி வழிந்தால் எதைக் கொண்டு துடைப்பது?

"இது என்ன கேள்வி? கரித்துணிதான்!" என்பார்கள் பாட்டிமார்கள்.

ஆனால் இப்போது காலம் மாறுகிறது. ஓட்டல்களில் மட்டும் இருந்த "பேப்பர் டவல்" சுருள், வீட்டு அடுப்படிக்குள்ளும் நுழைகிறது. செல்போனில் ஆர்டர் போட்டால் போதும். கூரியரில் வந்து இறங்கி விடும்.

அதிலும் புதுசு, "மூங்கில் டவல்". மரத்தை வெட்ட வேண்டாம், பூமிக்குக் கேடு இல்லை என்று விளம்பரம் தூள் பறக்கிறது.

இது உண்மையா? பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் வில்லங்கம்!

விவரம் வருமாறு:-

மூங்கில் நல்லதுதான்

மூங்கில் மரம் அல்ல, புல் இனம். வெட்டினால் அடிக்கிழங்கில் இருந்து மறுபடியும் குருத்து விடும். புதிதாக நட வேண்டியது இல்லை. 3 முதல் 5 ஆண்டுகளில் முற்றி விடும். இந்தியக் காகித ஆலைகள் நெடுங்காலமாகவே மூங்கிலைக் கூழாக்கிப் பேப்பர் செய்து வந்திருக்கின்றன.

ஆனால் மூங்கில் தானாகப் பேப்பர் ஆகி விடாது. துண்டு துண்டாகச் சீவி, ரசாயனம் போட்டு வேக வைக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். கரண்டு வேண்டும். லாரி வாடகை வேறு. இத்தனையும் செய்து வீட்டுக்கு வரும் தாள், ஒரே தடவை துடைத்ததும் குப்பைக் கூடைக்குப் போகிறது!

2 ரகம்

கடையில் கிடைப்பது 2 ரகம். ஒன்று, துடைத்துத் தூக்கி எறிகிற பேப்பர். மற்றொன்று, துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கனமான தாள்.

இந்த இரண்டாவது ரகத்தில் பல, உண்மையில் "விஸ்கோஸ்" எனப்படும் ரேயான். மூங்கில் கூழில் கார்பன் டைசல்பைடு என்ற நச்சு ரசாயனத்தைச் சேர்த்து நூலாக இழுக்கிறார்கள். ஆலையில் போதிய பாதுகாப்பு இல்லை என்றால் தொழிலாளியின் நரம்பு மண்டலத்தையே இது பாதிக்கும். பொட்டலத்தின் மேல் பச்சை மூங்கில் படம் சிரிக்கும். இந்தக் கதையை அது சொல்லாது.

ரூ. பல கோடி அபராதம்

அமெரிக்காவில் இந்த விவகாரம் கோர்ட்டு வரை போய் விட்டது. ரேயான் துணியை "மூங்கில்" என்று விற்றதாக, அந்நாட்டு வர்த்தக கமிஷன் 2009-ம் ஆண்டே 4 கம்பெனிகள் மீது நடவடிக்கை எடுத்தது. 2022-ம் ஆண்டில் வால்மார்ட், கோல்ஸ் ஆகிய பெரிய கம்பெனிகளே சிக்கின. இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

பிரிட்டனில் "விச்" என்ற நுகர்வோர் அமைப்பு, மூங்கில் டாய்லெட் பேப்பர்களை 2025-ம் ஆண்டு சோதனை போட்டது. சிலவற்றில் இருந்த மூங்கில் நார் கொஞ்சமே. மீதி மர நார்!

பார்வைக்கு எல்லாம் ஒரே பேப்பர்தான். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஏமாற்றுகிறவனுக்கு அதுதான் வசதி.

இந்தியாவிலும் சட்டம் விழித்துக் கொண்டு விட்டது. "இயற்கைக்கு உகந்தது", "பசுமைப் பொருள்" என்று இஷ்டத்துக்கு அச்சடிக்கக் கூடாது, ஆதாரம் காட்ட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விதிமுறை வெளியிட்டது. சந்தேகம் இருந்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

ஊரைச் சுற்றிலும் துணி!

வேடிக்கை என்னவென்றால், கரிவலம்வந்தநல்லூர் இருப்பது துணிக்கு நடுவே. ஒரு பக்கம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் விசைத்தறிச் சத்தம். மறுபக்கம் ராஜபாளையம். அதன் அருகே சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ரத்தத்தை உறிஞ்சுகிற பருத்தித் துணி, ரசத்தை உறிஞ்சாதா?

கணக்கையும் பாருங்கள். ஒரு சுருள் ரூ.200 என்று வையுங்கள். மாதம் 2 சுருள் என்றால் ஆண்டுக்கு ரூ.4,800. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது பிள்ளைகளின் நோட்டுப் புத்தகக் காசு.

"ஏட்டி, பழைய வேட்டி கிடக்குல்லா? அதைக் கிழிச்சாப் போச்சு!" என்று சொல்ல ஒரு பாட்டி இருக்கிற வீட்டில் இந்தச் செலவு மிச்சம்.

துணியிலும் கவனம்

அதற்காக ஒரே கரித்துணியை ஒரு வாரம் வைத்துத் தேய்ப்பதும் தப்பு. ஈரத் துணியில் கிருமி பெருகும். எனவே,

7 துண்டு வைத்துக் கொண்டு தினம் ஒன்றாக மாற்றுங்கள்.

சோப்பு போட்டு, வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காய வையுங்கள்.

மீன், கறி வெட்டிய பலகைக்குத் தனித் துணி. அதற்கு மட்டும் பேப்பர் பயன்படுத்தினாலும் தப்பில்லை.

பாலியஸ்டர் சேலைத் துண்டு ஈரத்தை உறிஞ்சாது. பருத்திதான் சரி.

பேப்பர் டவலை கக்கூஸில் போடவே கூடாது. நனைந்தாலும் கிழியாமல் இருக்க அதில் பிசின் சேர்க்கிறார்கள். குழாய் அடைத்துக் கொள்ளும்.

வடைக்கு நியூஸ் பேப்பரா?

"வடை எண்ணெயை எதில் ஒற்ற?" என்று கேட்கலாம். கண்ணுக்கரண்டியில் நன்றாக வடிய விட்டு, பிறகு வாழை இலையில் வையுங்கள். நியூஸ் பேப்பர் வேண்டவே வேண்டாம். அச்சு மையில் உள்ள ஈயம் முதலியவை பலகாரத்தில் இறங்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ம் ஆண்டிலும், 2023-ம் ஆண்டிலும் எச்சரித்து இருக்கிறது. டீக்கடைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பேப்பரையும் படித்து முடித்து எடைக்குப் போடுங்கள். பஜ்ஜியை மடிக்காதீர்கள்!

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ந்தேதி முதல் ஒரு தடவை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" திட்டம் வந்தது. இரண்டும் சொல்வது ஒன்றுதான். ஒரு தடவையோடு தூக்கி எறிகிற பழக்கத்தை விட வேண்டும். மூங்கிலில் செய்தாலும் எறிகிற பொருள் எறிகிற பொருள்தான்.

கடைக்குப் போக மஞ்சப்பை. அடுப்படிக்குப் பழைய வேட்டி. காசும் மிச்சம், குப்பையும் மிச்சம்!