யோக்கியதையும் ஆதரவும்

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் இருப்புப்பாதையில், திருநின்றவூருக்கு அடுத்தாற்போல் உள்ளது வேப்பம்பட்டு. காலை வேளையில் அந்நிலையத்தில் வந்து நிற்கும் மின்சார ரயிலில் இரு சாராரைக் காணலாம். ஒரு சாரார் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்வோர். மற்றொரு சாரார் கலாசாலை மாணவர். திருவள்ளூர் ஜில்லாவில், கும்மிடிப்பூண்டி முதலிய இடங்களில் ஆலைகள் பெருகியிருக்கின்றன. பொறியியற் கலாசாலைகளும் பெருகியிருக்கின்றன. ஆயினும், அம்மாணவருள் ஒருவர், "நான் இன்னும் ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால், பெற்றோர் முதலிற் கேட்பது, "அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்பதே. இக்கேள்வியை அற்பமென்று தள்ளலாகாது. சர்வகலாசாலைகளின் வாழ்வும் தாழ்வும் இதற்கு அளிக்கும் விடையையே பொறுத்திருக்கின்றன.

யோக்கியதை உள்ளவன் எப்படியும் முன்னுக்கு வந்துவிடுவான் என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். இது சோம்பேறித்தனமான நம்பிக்கை. அதன் பொய்மையை நமது தேச சரித்திரமே காட்டுகிறது.

ரூபாய் எழுபத்தைந்து

ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் கும்பகோணம் கலாசாலையில் தவறினார். சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிலும் தவறினார். பரீட்சையே யோக்கியதைக்கு அளவுகோல் என்றால், அவருடைய கதை அங்கேயே முடிந்திருக்கும். நெல்லூர் ஜில்லா கலெக்டராயிருந்த ராமசந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துச் சில காலம் தாங்கினார். 1912-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ராமாநுஜன் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். பகலில் கணக்கு ஏடு, இரவில் கணித ஏடு என்று காலம் கழிந்தது.

1913-ம் வருஷத்தில் சென்னைச் சர்வகலாசாலை ஒரு துணிவான காரியம் செய்தது. ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் முதுநிலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது என்பது விதி. ராமாநுஜனிடமோ எந்தப் பட்டமும் இல்லை. ஆயினும், விதி ஆராய்ச்சிக்காக ஏற்பட்டதேயன்றி, ஆராய்ச்சி விதிக்காக ஏற்பட்டதன்று என்பதைப் பெரியோர் சிலர் உணர்ந்திருந்தனர். மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்குச் சம்பளம் அளிக்கத் தீர்மானமாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செய்த வேலையை எழுதித் தரவேண்டும் என்பதே கடமை. அன்றுதான் ராமாநுஜனுக்குத் தம் நேரம் முழுதும் தமக்கே சொந்தமாயிற்று.

மறு வருஷம் அவர் இங்கிலாந்து சென்றபோது சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. கேம்பிரிட்ஜிலுள்ள டிரினிடி கலாசாலை 60 பவுன் சேர்த்துக் கொடுத்தது. 1918-ம் வருஷம் அவரைத் தன் அங்கத்தினராகத் தேர்ந்துகொண்ட டிரினிடி, ஆண்டுக்குச் சுமார் 250 பவுன் வீதம் ஆறு வருஷத்துக்கு அளிக்க முன்வந்தது. நிபந்தனை ஒன்றுமில்லை; பாடம் நடத்த வேண்டிய கடமையும் இல்லை. ஆனால் அதற்குள் நோய் அவரைப் பற்றிவிட்டது. 1920-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி, தம் முப்பத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். ஆதரவு வந்தது, ஆனால் காலந்தாழ்த்தி வந்தது. கலாசாலையை விட்டபின் கழிந்த வறுமை வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பார்?

அறக்கட்டளையின் பலம்

டிரினிடிக்கு அந்தச் சக்தி எவ்வாறு வந்தது? அது 1546-ம் வருஷத்தில், நிலமும் வருமானமும் உடையதாக நிறுவப்பெற்ற ஸ்தாபனம். மூலதனம் நிலையாக இருந்தமையால், ஒரு மனிதரை ஆறு வருஷம் கேள்வி கேட்காமல் வைத்துக் காப்பாற்ற அதனால் முடிந்தது.

வேப்பம்பட்டு வழியாகச் செல்லும் இதே பாதையில் அரக்கோணத்தைக் கடந்து சென்றால் திருத்தணி வரும். அவ்வூரில் 1888-ல் பிறந்த ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன் உபகாரச் சம்பளங்களைக் கொண்டே படித்தவர். 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் அவர் வகித்த பேராசிரியர் பதவியும், ஸ்பால்டிங் என்னும் செல்வர் வைத்த நிதியால் ஏற்பட்டதே. யோக்கியதை திருத்தணியில் பிறந்தது. அதைத் தாங்கும் நிதியோ ஆக்ஸ்போர்டில் இருந்தது. இதைப் பெருமையோடு மட்டுமன்று, சிறிது வெட்கத்தோடும் நினைக்கவேண்டும்.

ஐரோப்பாவின் இன்றைய நிலை

ஐரோப்பாவில் எல்லாம் ஒழுங்காக நடைபெறுகிறது என்று நாம் சொல்லவில்லை. 2007-ம் வருஷத்தில் ஏற்பட்ட ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில், ஆராய்ச்சியின் சிறப்பு ஒன்றையே கருதி, இளம் ஆராய்ச்சியாளர்க்கு ஐந்து வருஷத்துக்குப் பதினைந்து லட்சம் யூரோ வரை அளிக்கிறது. எந்தத் தேசத்தவரும் கேட்கலாம். இது போற்றத்தக்கது. ஆனால் அதே 2007-ல் ஜெர்மனி இயற்றிய சட்டத்தின்படி, டாக்டர் பட்டத்துக்கு முன் ஆறு வருஷமும் பின் ஆறு வருஷமும் ஒருவரைத் தற்காலிக ஊழியராகவே வைத்திருக்கலாம். நாற்பதை நெருங்கும் அறிஞரும் அடுத்த வருஷம் வேலை உண்டா என்று ஏங்கும் நிலை. 2021-ல் ஜெர்மானிய இளம் அறிஞர் பகிரங்கமாகக் கிளர்ச்சி செய்தனர்.

இன்னொரு நோயும் உண்டு. எத்தனை கட்டுரை எழுதினாய், எந்தப் பத்திரிகையில் வந்தது என்று எண்ணிப் பார்ப்பதே யோக்கியதையை அறியும் வழி என்றாயிற்று. 2022-ல் ஐரோப்பாவின் ஸ்தாபனங்கள் பல கூடி, எண்ணிக்கையை விட்டு ஆராய்ச்சியின் தரத்தைப் பார்ப்பதென்று உடன்படிக்கை செய்துகொண்டன. ராமாநுஜனின் கடிதத்திலிருந்த சூத்திரங்களைப் படித்துப் பார்த்தே ஹார்டி அவரை மதித்தார், பட்டங்களை எண்ணியன்று. பழைய பாடத்தை ஐரோப்பா மீண்டும் படிக்கிறது.

நாம் செய்யவேண்டியது

நமது தேசம் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது, 2020-21 கணக்குப்படி, தேச உற்பத்தியில் நூற்றுக்கு 0.64 பங்கே. ஐரோப்பிய யூனியன் செலவிடுவது நூற்றுக்கு இரண்டுக்கு மேல். 2002-லேயே மூன்று என்று இலக்கு வைத்தும் அதை எட்டவில்லையே என்று அவர்கள் வருந்துகிறார்கள். இங்கே இளம் ஆராய்ச்சியாளர் உபகாரச் சம்பளம் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்திருப்பது நலமே. ஆனால் அத்தொகை மாதந்தோறும் கைக்கு வருகிறதா? மாதக்கணக்கில் தாமதமாகிறது என்ற முறையீடு பலமுறை எழுந்திருக்கிறது. வீட்டு வாடகை தாமதத்தை ஒப்புமா? பசி தவணை கேட்குமா?

ஆகவே மூன்று காரியங்கள் அவசியம். உபகாரச் சம்பளம் குறித்த தேதியில் சேரவேண்டும். ஆராய்ச்சியை எண்ணாமல், படித்துப் பார்த்து மதிக்கவேண்டும். இந்த ஜில்லாவில் லாபம் காணும் ஆலை முதலாளிகள் அருகிலுள்ள கலாசாலைகளில் நிலையான அறக்கட்டளைகளை வைக்கவேண்டும். கோயிலுக்கு நந்தாவிளக்கு எரிய நிலம் விட்ட நாடு இது. அறிவு விளக்குக்கு எண்ணெய் விடுவது நமக்குப் புதிய தர்மமன்று.

நாளைக் காலையும் வேப்பம்பட்டில் அந்த ரயில் வந்து நிற்கும். அதில் ஏறும் மாணவருள் இன்னொரு ராமாநுஜன் இருக்கலாம். அவரை மதிக்க, அவர் பெயர் கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பி வரும்வரை நாம் காத்திருக்கப் போகிறோமா?