32,768 துடிப்பும் கொஞ்சம் வீம்பும்

உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குள், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உலோகக் குப்பி இருக்கிறது. அதற்குள் கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம். செல்லிலிருந்து மின்சாரம் வந்ததும் அது அதிரத் தொடங்கும், நொடிக்கு 32,768 முறை. ஏன் இந்த விசித்திரமான எண்? தாளும் பேனாவும் எடுத்து இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். 16,384, 8,192, 4,096... பதினைந்தாவது தடவை சரியாக 1 வரும். இந்த வகுத்தல் கணக்கை உள்ளே இருக்கும் சில்லு ஓயாமல் போடுகிறது. நொடிக்கு ஒரு மின்துடிப்பு மோட்டாருக்குப் போகிறது, முள் ஓர் எட்டு வைக்கிறது.

குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-ல் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளியும் என்பது அதன் மறுபக்கம். சாவி கொடுக்கும் வாட்ச் ஒரு நாளிலேயே சில நொடிகள் முன்னே பின்னே போய்விடும். சாதாரணக் குவார்ட்ஸ் வாட்ச் ஒரு மாதத்துக்கே சுமார் 15 நொடிதான் தவறும்.

இவ்வளவு நல்ல சரக்கை உலகின் பெரிய வாட்ச்காரர்கள் ஓடிவந்து வாங்கியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? சுவிட்சர்லாந்து ஆய்வுக்கூடம் ஒன்று 1967-லேயே குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் மாதிரிகளைச் செய்து, துல்லியப் போட்டியில் ஜெயித்தும் காட்டியது. ஆனால் அந்த நாட்டின் கைவினைஞர்கள் பல தலைமுறைகளாகப் பல்சக்கரமும் சுருள்வில்லும் செதுக்கியவர்கள். அவர்களில் பலருக்குச் செல் போட்டு ஓடுவது வாட்சாகவே தெரியவில்லை. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீகோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. அடுத்த 15 ஆண்டுகளில், சுமார் 90 ஆயிரம் பேர் வேலை பார்த்த சுவிஸ் வாட்ச் தொழிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே மிஞ்சினார்கள்.

இதே கதை நம் தமிழ்நாடு-கர்நாடக எல்லையிலும் நடந்தது, கொஞ்சம் வேறு மாதிரி. 1961-ல் பெங்களூரில் அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் வாட்ச் தொழிற்சாலை வந்தது. உங்கள் தாத்தாவுக்குக் கல்யாணத்தில் கிடைத்த வாட்ச் அநேகமாக எச்.எம்.டி.யாகத்தான் இருக்கும். பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், அத்திப்பள்ளி தாண்டி, ஜூஜூவாடி தாண்டி வந்தால் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை. தமிழக அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் அங்கே தொழிற்சாலை போட்டது. அதன் நிர்வாக இயக்குநர் ஜெர்க்சஸ் தேசாய் முழுப் பாரத்தையும் குவார்ட்ஸ் மேல் வைத்தார். எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்யாமல் இல்லை, ஆனால் அதன் கை சாவி வாட்சைவிட்டு வரத் தாமதமானது. 2016-ல் அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. எல்லாப் பழியையும் வீம்பு மேல் போடுவது நியாயமில்லை. அரசு நிறுவனத்துக்கு ஆயிரம் கட்டுகள் இருக்கும். டைட்டனுக்கும் ஒரு வசதி இருந்தது: விட்டுவிட வேண்டிய பழைய பெருமை எதுவும் அதனிடம் இல்லை.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். சுவிஸ்காரர்கள் ஏமாந்தது தெரியாமையால் அல்ல. கடிகாரத்தைப் பற்றி அவர்களுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம் தெரியும். அந்த அதிகம்தான் கண்ணை மறைத்தது.

விஞ்ஞானிகள் மட்டும் விதிவிலக்கா? இன்னொரு படிகக் கதை கேளுங்கள். உங்கள் வீட்டுத் தரையை ஒரே அளவுச் சதுரங்களாலோ அறுகோணங்களாலோ இடைவெளி இல்லாமல் நிரப்பலாம். ஒழுங்கான ஐங்கோணங்களால் முடியாது. அட்டை வெட்டி முயன்று பாருங்கள், எங்காவது சந்து விழும். படிகங்களில் அணுக்கள் திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும் என்பது அன்றைய பாடம், ஆகவே ஐந்து மடங்குச் சமச்சீர் படிகத்தில் வரவே வராது என்று புத்தகங்கள் எழுதின. 1982 ஏப்ரலில் டான் ஷெக்ட்மேன் என்ற இஸ்ரேல் விஞ்ஞானி, அமெரிக்காவில் ஓர் அலுமினிய-மாங்கனீசு உலோகக்கலவையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். வட்டத்தில் பத்துப் புள்ளிகள் பளிச்சிட்டன. வரவே வராத ஒழுங்கு! ஆய்வுக்குழுத் தலைவர் அவரிடம் பாடப்புத்தகத்தைப் படிக்கச் சொன்னார், பிறகு குழுவைவிட்டே போகச் சொன்னார்.

இரண்டு நோபல் பரிசு பெற்ற மாமேதை லைனஸ் பாலிங்கும் அதை நம்பவில்லை. பல சாதாரணப் படிகங்கள் ஒட்டிக்கொண்டு அப்படி ஏமாற்றுகின்றன என்றார். தொடக்கத்தில் அது நல்ல சந்தேகமே, அறிவியலுக்கு அது வேண்டும். ஆனால் 1987-ல் வேறு குழுக்கள் பெரிய படிகங்களை வளர்த்து எக்ஸ் கதிரால் சோதித்தபோது மற்றவர்கள் மனம் மாறினார்கள். பாலிங் மாறவில்லை. 1994-ல் இறக்கும்வரை புதுப்புது விளக்கங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். 2011-ல் ஷெக்ட்மேனுக்கு நோபல் கிடைத்தது. புதிய சான்று வந்தபின் என்ன செய்கிறோம் என்பதைப் பார்த்தால் போதும், சந்தேகம் எங்கே முடிந்து வீம்பு எங்கே தொடங்கியது என்று தெரிந்துவிடும்.

அரசியலுக்கும் ஓசூரிலேயே ஆள் இருக்கிறார். பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த அவர் 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். போராட்டம் வெடித்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். அவர்களில் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிரிழந்தார்கள். ராஜாஜி இறங்கி வரவில்லை, அவர் பதவி விலகிய பிறகு 1940-ல்தான் கட்டாயம் நீங்கியது. ஆனால் அதே ராஜாஜி 1950-களின் பிற்பகுதியில், இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதை எதிர்த்து நாடு முழுக்கப் பேசினார். அதில் அரசியல் கணக்கும் இருந்தது என்பவர்கள் உண்டு, இருக்கலாம். ஆனால் அப்படி மாறிய ஒருவரைப் பார்த்து, ‘அன்னிக்கு என்ன சொன்னீங்க?’ என்று கேலி செய்வதுதான் நம் வழக்கம். மாறினால் கேலி, மாறாவிட்டால் ‘கொள்கைக் குன்று’ என்று மாலை. அப்புறம் யார்தான் மாறுவார்கள்? அடுத்தவரின் வீம்புக்கு நாமும்தான் தீனி போடுகிறோம்.

வகுப்பில் ஒரே பெஞ்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஊர்ப்பிள்ளைகள் நீங்கள். சண்டைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை! அதனால் மொழியை விட்டுவிட்டு, வீட்டில் நடக்கும் ஒரு வாக்குவாதத்தை எடுத்துக்கொள்வோம். சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கிவிட்டது.

“செல் வீக்காயிடுச்சும்மா, அதான் மெதுவா ஓடுது” என்கிறார் தாத்தா.

“குவார்ட்ஸ் மெதுவா ஓடவே ஓடாது தாத்தா. புத்தகத்துல போட்டிருக்கு” என்கிறாள் பேத்தி.

“நாப்பது வருஷமா வாட்ச் கட்டறேன், எனக்குத் தெரியாதா?”

“உங்களுது சாவி குடுக்கற வாட்ச்!”

பேச்சு இப்போது கடிகாரத்தை விட்டுவிட்டு, யார் பெரியவர் என்பதற்குத் தாவிவிட்டது. இருவரில் ஒருவர்கூடச் சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால், நொடிமுள் முன்னேற முயன்று அதே இடத்தில் வெட்டி வெட்டித் துடிப்பது தெரிந்திருக்கும். படிகத்தின் அதிர்வு அநேகமாகச் சரியாகவே இருக்கிறது, சில்லும் சரியாக எண்ணுகிறது. மோட்டாரைத் தள்ளும் வலுதான் செல்லில் இல்லை, முள் சில எட்டுகளைத் தவறவிடுகிறது. பேத்தி சொன்ன படிகமும் சரி, தாத்தா சொன்ன செல்லும் சரி.

அடுத்த முறை உங்கள் வீட்டில் செல் தீரும்போது உடனே மாற்றாதீர்கள். தாத்தாவும் நீங்களும் ஆளுக்கொரு தாள் எடுத்து, என்ன நடக்கும் என்று எழுதுங்கள். எதைக் கண்ணால் பார்த்தால் உங்கள் கருத்தை விடுவீர்கள் என்பதையும் அதற்குக் கீழே எழுதுங்கள். இரண்டாவது வரி எழுதக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் எழுதிவிட்டே செல்போன் மணியோடு ஒப்பிடத் தொடங்குங்கள். முள் எந்த எண் அருகே மாட்டிக்கொள்கிறது என்பதையும் குறியுங்கள். பல கடிகாரங்களில் அது 9-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஏன் 3-க்குப் பக்கத்தில் நிற்பதில்லை? இதைத் தாத்தாவோடு சண்டை போட்டே கண்டுபிடியுங்கள்.